கெம்பிக்கு டவர் கிடைத்த இடம்

ஓசூரில் ஒரு ரத்தப் புற்றுநோய் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸாக இருந்தேன். ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் முடிவதற்குள் மாதப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். கையில் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கீமோவில் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கி, நுரையீரலில் பூஞ்சை பிடித்திருந்த மனிதர் அவர்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அஞ்செட்டிக்கு. கெம்பி இன்னிக்குக் கன்னு போட்டுரும் சிஸ்டர். என்னைத் தவிர ஒருத்தரையும் கிட்ட விடாது. போன தபா என் பொஞ்சாதியவே முட்டிச் சாணியில தள்ளிடுச்சி."

கெம்பி அவருடைய செவலைப் பசு.

"மாட்டுக் கொட்டாயில வைக்கோல் இருக்கும்ல? அந்தத் தூசியிலதான் இந்தப் பூஞ்சை இருக்கு. இப்பப் போனா உசுரோட திரும்ப மாட்டீங்க."

"நான் போவலைன்னா அது செத்துடும்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"வீடியோ கால்ல பாத்துக்கங்க. உக்காருங்கய்யா!"

"கொட்டாயில டவர் ஏது? பஸ் ஸ்டாப்புலதான் கிடைக்கும்."

"அப்ப மாட்டை பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டிட்டு வரச் சொல்லுங்க!"

எரிச்சலில் சொன்னேன். மனிதர் உடனே மனைவி முனியம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டார்! பஸ் ஸ்டாப்பில் நின்று பேசிக்கொண்டிருந்த முனியம்மா, வீட்டுக்குப் போய்த் தவிட்டு வாளியைக் காட்டிக் காட்டியே மாட்டை பஸ் ஸ்டாப்புக்கே கூட்டி வந்துவிட்டார்.

மத்தியானம் வீடியோ கால் வந்தது. "கிட்டப் போனா முட்ட வருதுய்யா!" என்று முனியம்மா கத்தினார்.

"ஏய் கெம்பி! அடங்குடி, நான்தான்!" என்று மாதப்பன் போட்ட சத்தத்தில் வார்டே அதிர்ந்தது. கெம்பி காதைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது.

"கன்னோட முன்னங்கால் ரெண்டும் தெரியுதா? அது முக்கும்போது மட்டும் இழு."

மறுபடி ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் வேலையை மறந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "தல வந்துடுச்சாம்மா?" என்று அவரும் கேட்டார். கன்று விழுந்ததும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அங்கே விசிலடித்தார்கள், நாங்கள் இங்கே கை தட்டினோம். மாதப்பன் தானாகவே சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

அதிலிருந்து யார் டிஸ்சார்ஜ் கேட்டாலும், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன். அப்புறம்தான் திட்டுவேன்.

பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் போனது. தேறி வீட்டுக்குக் கிளம்பியவரிடம், கொட்டாய்க்குள் நுழையக் கூடாது, வெளியே நின்றாலும் மாஸ்க் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ரிவ்யூவுக்கு வந்தவர் முகம் வாடியிருந்தது.

"மாஸ்க்கோட நின்னா யாரோன்னு முட்ட வருது சிஸ்டர். ஒரு நிமிசம் கழட்டட்டுமா?"

"கழட்டக் கூடாது. பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டிட்டு வரச் சொல்லி, இங்க இருந்தே போன் பண்ணுங்க."