சாருக்குக் கேட்காத சத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், தன் துணிக் கிடங்கின் மாடியை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இன்ஜினியராக இல்லை, லாக் எழுதுபவளாக. எந்த டேப்பில் எந்தப் பாட்டு, எத்தனையாவது டேக், பதிவுக்கு முன் மைக் லைன்களில் ஏதும் கோளாறு இல்லை என்று சோதித்தது யார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே இருந்த இரண்டு வருடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இன்ஜினியரை எல்லோரும் சார் என்றுதான் அழைப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், மயிலாப்பூர்க்காரர், வெற்றிலை போடாத நேரம் கிடையாது. சபாக்களில் பாடும் பெரிய வித்வான்கள் அவருக்காகவே எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். தம்புராவில் ஒரு தந்தி இழையளவு இறங்கினால்கூட கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவார் என்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். புல்லாங்குழல் பதிவு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாட்டுக்கு மேலே சன்னமாக ஒரு சீறல், எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர்த்துளி விழுந்த மாதிரி. சார் வெற்றிலை மென்றபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சார், மேலே ஏதோ சீறறதே" என்றேன்.

அவர் வாய் நின்றது. "எனக்கும் கேட்டுண்டுதான் இருக்கு. உனக்கு எவ்வளவு கேக்கறது, சொல்லு பார்ப்போம்." உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் திருப்பினார். "இப்போ?"

"இன்னும் இருக்கு சார்."

"இப்போ?"

எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அவருக்கு அந்தச் சீறல் கேட்கவே இல்லை என்பது புரிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. தாழ்ந்த ஒலிகள் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். உச்சத்தில் இருப்பவைதான் போய்விட்டிருந்தன. ஜால்ராவின் கிணுகிணுப்பு, பாடகி 'ஸ' சொல்லும்போது வரும் கூர், டேப்பின் இரைச்சல், இவையெல்லாம் அவரைப் பொறுத்தவரை இல்லாத சத்தங்கள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் பென்சில் இடது பக்கம் சாய்ந்தால் ட்ரெபிளைக் குறைக்க வேண்டும், வலது பக்கம் சாய்ந்தால் கூட்ட வேண்டும் என்று எங்களுக்குள் தானாகவே ஓர் ஏற்பாடு வந்தது. ஆறு மாதத்தில் பென்சிலும் தேவைப்படவில்லை. நாற்காலியில் அவர் இருப்பார், பக்கத்தில் நின்றபடி குமிழ்களை நான் திருப்புவேன். பதிவு முடிந்து பாட்டைப் போட்டுக் கேட்டதும் வித்வான்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "என்ன காதுய்யா உமக்கு." சார் தலையைக் குனிந்து சிரிப்பார்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "சின்னதா ஒரு பஜனைப் பாட்டு மாதிரி வந்தா நான் தனியா பண்றேனே சார்."

"பார்க்கலாம். பொம்மனாட்டி கன்ட்ரோல் ரூம்ல உக்காந்தா வித்வான்களுக்குக் கை ஓடாது. நானே சமயம் பார்த்து முதலாளிண்ட சொல்றேன்."

அந்தப் பார்க்கலாமை நம்பி ஒரு வருடத்துக்கு மேல் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். அந்த அறையில் எனக்கென்று ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. அதில் ஒருநாள் ஒரு வீணை வித்வான் வந்து ஒரு முழு இசைத்தட்டுக்கு வாசித்திருக்கிறார். ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பதிவைக் கேட்காமலே கிளம்பிவிட்டார். நான் திரும்பி வந்ததும் சார் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "இதைப் பார்த்து லாக் எழுதிடு. வழக்கம்போல கையெழுத்தும் போட்டுடு." போட்டேன். லைன் சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர். நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

இரண்டு வாரத்தில் இசைத்தட்டுக் கம்பெனி டேப்பைத் திருப்பி அனுப்பியது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு அதைப் போடச் சொன்னார். முதல் வினாடியிலிருந்து கடைசி வரை வீணைக்கு மேலே கொசு பறப்பதுபோல ஒரு கீச்சு. ஏதோ ஒரு மைக் ஆம்பிளிஃபயர் கெட்டுப்போயிருந்திருக்கிறது. காது உள்ள யாரும் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாது.

முதலாளி லாக் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "லைன் பாத்தது நீன்னு போட்டிருக்கே. என்னம்மா இது?"

நான் சாரைப் பார்த்தேன். அன்றைக்கு நான் வேலைக்கே வரவில்லை என்று அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "குழந்தை ஏதோ கவனக்குறைவா இருந்துட்டா. பெரிசு பண்ண வேண்டாம்" என்றார். குழந்தை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

நேரே அலமாரிக்குப் போனேன். மெஷினைச் சரிபார்க்க எல்லாக் கூடத்திலும் ஒரு சோதனை டேப் இருக்கும். தாழ்ந்த ஒலியில் தொடங்கிப் படிப்படியாக உச்சத்துக்குப் போகும். அதை மாட்டினேன்.

"சார், சத்தம் கேக்கற வரைக்கும் கையைத் தூக்கிண்டிருங்கோ."

"என்ன விளையாட்டு இது" என்றார். ஆனால் முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் கையைத் தூக்கினார். மூன்றாவது ஒலி, நான்காவது ஒலி. ஐந்தாவதில் கை தயங்கியது. ஆறாவது ஒலி காதைக் குத்தும்படி அறையை நிறைத்தது. முதலாளி முகத்தைச் சுளித்தார். சார் கையை மெல்ல இறக்கி, முடிந்துவிட்டதா என்று என்னைப் பார்த்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலாளி எழுந்து தானே மெஷினை நிறுத்தினார். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "நீ வாரதுக்கு முந்தியே தெரியும். அதுக்குத்தானே உன்னய வச்சேன். அவரு பேருக்கு ஆள் வருது, உன் காதுக்கு வேலை நடக்குது. ரெண்டு பேருக்கும் குறை இல்லாமத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. எதுக்கு இதக் கிளறுத?"

சாருக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. முதலாளிக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியாது. ஒருவர் குறையையும் இன்னொருவர் ஆசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துணி முழம் போடுவதுபோல அந்த மனிதர் அளந்திருக்கிறார்.

"அப்போ என்னை இன்ஜினியர்னு போடுங்கோ" என்றேன்.

"அது நடக்காதும்மா."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் சார் பின்னாலேயே வந்தார். "எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே. ஒரு மனுஷனை இப்படியா?"

"நீங்களும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். அவரை அப்படி அவமானப்படுத்தியது கொடுமை என்று என் அம்மா பல வருடம் சொன்னாள். கொடுமைதான். செய்திருக்கக் கூடாது என்று மட்டும் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எட்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. பிறகு அடையாறில் ஒரு தம்பதி, வீட்டுக் கார் ஷெட்டில், வெளிச் சத்தம் புகாமல் சுவரில் கோணிப்பையும் தென்னைநார்ப் பாயும் அடித்துச் சின்னதாக நடத்திய கூடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்கான பாடங்களைத்தான் அங்கே அதிகம் பதிவு செய்தோம். அங்கே நாற்காலி எனக்கு. முதல் இசைப் பதிவுக்கு ஒரு வயலின் வித்வான் வந்தார். மைக்கை வைத்துவிட்டு, லைனைச் சோதித்து, "ஆரம்பிக்கலாம் மாமா" என்றேன்.

"இன்ஜினியர் வரட்டும்" என்றார்.

"நான்தான் மாமா."

அவர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார். நானும் அசையவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் வில்லைக் கையில் எடுத்தார்.