மார்பு என்று எழுதாத மனு

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அரிசி இல்லை, துணி இல்லை, துரை இல்லை. வெட்கம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

ஈப்போவில் தாதிப் பயிற்சி முடித்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இடத்தில் வைத்தியம் பார்த்த டிரெஸருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஒருநாள் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பிள்ளையின் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தாள். இருபத்தாறு வயது. கூடையை ஒரே தோளில் மாட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். இடது மாரில் கட்டியாம்.

டிரெஸரிடம் காட்டினாயா என்றால், புருஷன் வந்து காட்டிவிட்டுப் போனானாம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அதுதான் வழக்கம். அவன் தன் நெஞ்சில் இடம் காட்ட, டிரெஸர் அவன் சட்டைமேல் விரலை வைத்து, இங்கேயா, இன்னும் கீழேயா என்று விசாரித்துப் பால் கட்டு என்று தீர்த்திருக்கிறார். கடைசிப் பிள்ளை பால் மறந்து மூன்று வருடம். மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னாராம். இந்த மலைக் குளிரில் மல்லிகை ஏது? கிடைத்த வெள்ளைப் பூவைக் கட்டியிருக்கிறார்கள்.

நான் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அசையவில்லை. மேல்தோல் குழிந்திருந்தது. அக்குளில் இன்னொன்று.

"வலிக்கலையே மிஸி, அப்ப ஒண்ணுமில்லதானே?"

"வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றேன்.

புற்று என்றுதான் நினைத்தேன். அறுக்கத் தெரிந்த டாக்டர் மலைக்குக் கீழே இருந்தார். இறங்க ஜப்பான் அதிகாரியின் பாஸ் வேண்டும். மனு எழுதிய தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்கு அந்த உறுப்பை எழுதப் பேனா ஓடவில்லை; 'கை வீக்கம்' என்று எழுதினார். அதிகாரி அவளது இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தான். காகிதத்தைத் திருப்பி எறிந்தான்.

அடுத்து முதுகு வலி என்று எழுதலாம் என்றார் கிராணி.

"அறுக்கப் போறது முதுகையா, ஐயா?" என்று கேட்டேன்.

பொம்பளைப் பிள்ளை பேசுகிற பேச்சா என்று அவர் ஒரு வாரம் மனுவைத் தொடவில்லை. கடைசியில் நானே எழுதிக் கூட்டிப்போனேன். அதை மொழிபெயர்க்க வேண்டியவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கே அலுத்துவிட்டது. கையை மாரில் வைத்தாள். அறுப்பதுபோல் இழுத்துக் காட்டினாள். அதிகாரி முத்திரை குத்தினான்.

ஆக, ஐந்து மாதத் தாமதம். புருஷனுக்கு இரண்டு, டிரெஸருக்கு இரண்டரை, மீதி கிராணிக்கு. ஊரையே நடுங்க வைத்த ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டது இரண்டு காலைப்பொழுது.

டாக்டர் அறுத்தார். அக்குளுக்கும் பரவிவிட்டது, தாமதம் என்றார். அதை அவளிடம் சொல்லவில்லை. புருஷனை வெளியே அழைத்துச் சொன்னார். அவன் யாரிடமும் சொல்வதாக இல்லை. நான் உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, அவளிடமே சொன்னேன். எவ்வளவு நாள் என்று கேட்டாள். ஒரு வருடம் என்றேன்.

பதினாறு மாதம் இருந்தாள். அந்தக் கடைசி நான்கு மாதமும், என்னைப் பார்க்கும்போதெல்லாம், படித்த மிஸிக்கு மாசம்கூட எண்ணத் தெரியவில்லை என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தாள்.