சேவ் பட்டனை இரண்டு முறை அழுத்தவும்

எங்கள் கம்பெனி பம்ப் செய்கிறது. ஆபீஸ் செகந்திராபாத்தில், ஆலையும் ஸ்டோரும் உப்பலில். ஸ்டோருக்கு வரும் சரக்கைப் பதிவதற்கு எங்கள் ஆட்களே எழுதிய சாஃப்ட்வேர் ஒன்று பல வருடம் ஓடியது. அதற்குக் கைப்புத்தகம் எழுதுவது என் வேலை. அந்த சாஃப்ட்வேரில் ஒரு கோளாறு உண்டு. சேவ் பட்டனை ஒரு முறை அழுத்தினால் பதிவாகாது. சரிசெய்யச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கடைசியில், "சேவ் பட்டனை இரண்டு முறை அழுத்தவும்" என்று கைப்புத்தகத்திலேயே எழுதிவிட்டேன். உப்பல் ஸ்டோர்கீப்பர் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வருடம் வெளியிலிருந்து புது சாஃப்ட்வேர் வாங்கினார்கள். கூடவே தலையணை பருமனுக்கு உதவிக் குறிப்புகளும் வந்தன.

"இனிமே நீங்க எதுவும் எழுத வேண்டாம். லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிடுங்க, போதும்" என்றார் மேனேஜர்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எந்த மாற்றம் வந்தாலும் உப்பலுக்குப் போய், ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கை எங்கெங்கே போகிறது என்று பார்ப்பது என் வழக்கம். இந்த முறை போகவில்லை. லிங்க்கை அனுப்பினேன், அதோடு சரி.

எழுத ஒன்றும் இல்லாதவள் என்று ஆனபின் கடிதம், சுற்றறிக்கை என்று கண்டதையும் என் தலையில் கட்டினார்கள். மூன்றாம் மாதம் ஒரு மெமோ. கம்ப்யூட்டரில் இருநூறு பேரிங் காட்டுகிறது, ரேக்கில் நூறுதான் இருக்கிறது. மீதி எங்கே என்று ஸ்டோர்கீப்பர் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் சஸ்பெண்ட். ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர் அவர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன், அதுதான் கேவலம்.

அவரிடம் கையெழுத்து வாங்க நானே உப்பலுக்குப் போனேன். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', எதற்கு என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஹைதராபாத் பேச்சு அவர் தமிழில் கலந்து வரும், எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"உட்காருங்க மேடம், ஒரு லோடு வந்திருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்."

பழைய வழக்கப்படி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புதுத் திரையில் ஒவ்வொரு எண்ணாக அடித்தார். சேவ் அழுத்தினார். மறுபடியும் சேவ் அழுத்தினார்.

நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்தேன்.

"ஏன் அண்ணா ரெண்டு தடவை அழுத்துறீங்க?"

"நீங்கதானே மேடம் எழுதினீங்க?" லேமினேட் செய்த தாளைக் காட்டினார்.

"லிங்க் அனுப்பினேனே, பார்க்கலையா?"

"ஹவ், வந்துச்சு. அதை எழுதினவன் நம்ம ஸ்டோரைப் பார்த்தானா? உங்க பேப்பர் இருக்கும்போது அது கைக்கு மேடம்?"

புது சாஃப்ட்வேரில் ஒவ்வொரு அழுத்தலும் ஒரு வரவு. மூன்று மாதமாக, வந்த சரக்கெல்லாம் இரண்டிரண்டாக ஏறியிருக்கிறது. யாரும் எதையும் திருடவில்லை. ஒருநாள் இங்கே வந்து உட்கார்ந்திருந்தால் அன்றே பார்த்திருப்பேன். நான் என் கௌரவத்தைக் கட்டிக்கொண்டு ஆபீஸில் இருந்தேன்.

அவர் என் மடியிலிருந்த மெமோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"எங்க போடணும் மேடம்?"

"படிச்சுப் பாருங்க அண்ணா."

"நீங்க எழுதினதுதானே? சரியாத்தான் இருக்கும்."

"நக்கோ அண்ணா" என்று பேனாவைப் பிடுங்கினேன். அவர் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.