மாரிக்கு அப்பா யார்?

போன ஞாயிறு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து என் மானம் போனது. அதைச் சொல்வதற்கு முன், அதற்காக நான் ஒரு கிழமையாகப் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

என் மகள் ஆரணி கட்டப்போகிற பையன் எனேக்கோ. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டுக்காரன். அவனுடைய அம்மா மீரென் முதல் தடவையாக எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சம்பந்தியம்மாவோடு என்ன பேசுவது? லண்டன் மழையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? "அவங்களுக்கு ஊர்ப் பழங்கதை எண்டா உயிர்" என்றாள் ஆரணி. கதைதானே... படித்துவிடலாம் என்று இறங்கினேன்.

புத்தி கெட்டுப்போய் இறங்கினேன் என்று திருத்தி வாசிக்கவும்.

எடுத்த எடுப்பிலேயே அவர்களுடைய தேவியின் பெயர் மாரி! மலைக் குகையில் இருப்பவள். இடியும் மழையும் அவள் கையில். எனக்குப் புல்லரித்துவிட்டது. அதை என் கணவரிடம் சொன்னதுதான் பிழை.

"பாத்தீரே, அவையும் எங்கட ஆக்கள்தான்!"

அன்று முதல் பாஸ்க்கும் தமிழும் ஒன்று என்று யாராரோ கத்துகிற யூடியூப் வீடியோக்கள் ஹோலில் ஓடத் தொடங்கின. ஆதாரம் கேட்டால் சத்தத்தைக் கூட்டுகிறார். நூலகத்துப் புத்தகமோ, பெயர் ஒத்துப்போவதை நம்பி உறவு கொண்டாட வேண்டாம் என்று முதல் அத்தியாயத்திலேயே என் வாயை அடைத்துவிட்டது.

சரி, முறையாகப் படிப்போம். யாருடைய மகள்? வாகனம் என்ன? விரத நாள் எது? ஒரு தெய்வத்தைப் பற்றி இவ்வளவாவது தெரிய வேண்டாமா? ஒரு பள்ளத்தாக்கில் அவள் ஆதித் தேவி. பக்கத்துப் பள்ளத்தாக்கில், தாய் சபித்த சாதாரணப் பெண். ஓரிடத்தில் நெருப்பு அரிவாளாக வானத்தில் பறக்கிறாள், இன்னோரிடத்தில் சிவப்புப் பசு. கணவன் பாம்பு. வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்க்கிறானாம். வெள்ளிக்கிழமை என்றதும்தான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்குள் வாத்துக் கால் வைத்த பெண்கள் ஆற்றங்கரையில் தங்கச் சீப்பால் தலைவாரத் தொடங்கிவிட்டார்கள்.

எனேக்கோவையே கேட்டேன்.

"ஆன்ரி, எனக்கு ஃபுட்பால்தான் தெரியும்."

நன்றாக இருக்கிறதா? அவனுடைய தெய்வத்துக்கு நான் பரீட்சை எழுதுகிறேன், அவன் ஃபுட்பால் பார்க்கிறான்! கடைசிவரை நான் குடும்ப விவரத்தைத் தாண்டவில்லை. புத்தகத்தின் பின்பாதியைத் திறக்கவேயில்லை.

ஞாயிறு வந்தது. மீரென் வந்தார். நண்டுக் கறியை ருசித்துச் சாப்பிட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டேன். "மாரியின் அப்பா யார்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதை யாரும் கேட்டதே இல்லையாம். அப்பாடா, பேச்சு சூடுபிடிக்கிறது என்று நினைத்த நேரம், கதவு மணி.

பக்கத்துத் தெருக் கமலா அக்கா. வாங்கிப்போன பெரிய சட்டியைத் திருப்பித் தர வந்தவர், வாசலில் நின்றே மேசையை எட்டிப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை இவை?"

பதிவுக் கந்தோரில் கலியாண எழுத்து முடியும்வரை சம்பந்தத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கண்ணூறு பட்டுவிடும். மாதக் கணக்காக யார் கேட்டாலும் ஒரே பதில்தான். அதுவே வாயில் வந்தது.

"ஆரணியோட வேலை செய்யிற பெடியனும் தாயும். சும்மா சாப்பிட வந்தவை. வேற ஒண்டும் இல்லை, அக்கா."

அக்கா போய்விட்டார். மேசைக்குத் திரும்பினேன். ஆரணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக எனேக்கோ தமிழ் படிக்கிறான் என்பது எனக்கு மறந்தேபோயிற்று. நான் சொன்னதை அவன் மெல்லிய குரலில் தாய்க்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான்.

மீரென் கோபப்படவில்லை. கரண்டியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். மாரி சாப்பிடுவது மனிதர்களின் 'இல்லை'யைத்தானாம். கூடை நிறைய ஆப்பிளை வைத்துக்கொண்டு இல்லை என்றால், இல்லை என்ற அவ்வளவையும் அவள் எடுத்துக்கொண்டுவிடுவாளாம்.

"அம்மா," என்றாள் ஆரணி, தலையை நிமிர்த்தாமலே. "ஆம் ஐ நத்திங்?"

பிள்ளைக்குக் கண்ணூறு படக்கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்தது, அவளுக்கு இப்படியா விளங்கியிருக்கிறது? கணவரைப் பார்த்தேன். யூடியூப்பில் உலகத்தையே உறவாக்கிய மனிதர் நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தார்!

வீட்டுச் செருப்போடு தெருவில் ஓடினேன். ஆரணியும் பின்னால் வந்தாள்.

"அக்கா! பொய் சொல்லிப்போட்டன். அது என்ரை மருமகன். இவளுக்குக் கலியாணம்!"

கமலா அக்கா ஆற அமரத் திரும்பினார்.

"இதைச் சொல்லவே ஓடி வந்தனீ? இரண்டும் கைகோத்துக்கொண்டு ட்ரெயினில போறதை தோர்ண்டன் ஹீத் முழுக்கப் பாத்திட்டுது. பிள்ளையைக் கண்டா வாழ்த்தக்கூட ஏலாமக் கிடந்தது... நீ இல்லை எண்டெல்லோ சொல்லிக்கொண்டு திரிஞ்சனீ."

பிறகு ஆரணியை இழுத்து நடுத்தெருவில் கட்டிக்கொண்டார். பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள்.

ஊர்க் கண்ணிலிருந்து அவளைக் காப்பாற்றினேனாம்... ஊர் வாழ்த்து அவளிடம் போய்ச் சேராமல் இத்தனை மாதமும் மறித்து நின்றது நான்தான்!