நின்றுபோன வயிற்றோட்டம்

"வயித்தாலை போறது நிண்டிட்டுது, மிஸ். கரைச்சுக் குடுக்கிற ஜீவனி உப்புப் பக்கெற்றைத் தாங்கோ, நாங்கள் வீட்டை போறம்."

ஓலைத்தொடுவாயில் இருந்து வந்திருந்த ஜெசிந்தா அக்கா நிம்மதியாகச் சொன்னார். அவருடைய ஒன்றரை வயது மகனுக்கு முதல் நாள் முழுக்கத் தண்ணீராகப் போயிருந்தது. அன்று காலையிலிருந்து ஒன்றுமில்லை. எங்கள் சிறுவர் வார்ட்டில் இது நல்ல செய்திதான்.

ஆனால் பிள்ளையின் வயிறு உப்பி இறுகியிருந்தது. தாதியான நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன், குடல் சத்தமே இல்லை. தட்டினால் மட்டும் கண் திறந்தான். கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருந்தது, மூச்சும் மந்தம். நோய் குணமான பிள்ளை இப்படிக் கிடக்காது.

"என்ன குளிசை குடுத்தனீங்கள், அக்கா?"

"ஒண்டும் குடுக்கேல்லை."

கடற்றொழிலாளியான அவரது கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வியை மாற்றினேன்.

"அண்ணை, தொழிலுக்குப் போகேக்கை வயித்தாலை போனா என்ன செய்வீங்கள்?"

"லோப்பிரமைட் போடுவன். வள்ளத்திலை எங்கை போய்க் குந்துறது, மிஸ்?"

"தம்பிக்கு?"

"ராத்திரி பாதி. காலமை பாதி."

"அவனென்ன உங்களோடை வலை இழுக்கவே வாறான்?" என்றார் ஜெசிந்தா அக்கா.

உடனே டொக்டரை அழைத்தேன். லோப்பிரமைட் குடலின் அசைவைக் கட்டிப்போடும். சிறு பிள்ளைகளில் மூச்சையும் அடக்கும். ஒட்சிசன் வைத்தோம், சேலைன் ஏற்றினோம். டொக்டர் சொன்னபடி, அந்தக் குளிசையின் வேகத்தை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டோம். சற்று நேரத்தில் மூச்சு சீராகி, பிள்ளை வீரிட்டு அழுதான். அந்த ஊசியின் வேலை குளிசைக்கு முன்பே முடிந்துவிடலாம் என்பதால் கட்டிலை விட்டு நான் நகரவில்லை.

பின்னேரம் குடல் சத்தம் கேட்டது. மகனைத் தூக்கி வைத்திருந்த தகப்பன் திடீரென்று எழுந்தார்.

"மிஸ், போயிட்டுது. என்ரை சேட்டெல்லாம் போயிட்டுது."

"கழுவாதேங்கோ. அந்த வடிவைக் கொஞ்சம் பாப்பம்" என்றார் ஜெசிந்தா அக்கா. வார்ட்டே சிரித்தது. மலத்தில் இரத்தம் இல்லை என்று பார்த்துக்கொண்டு நானும் சிரித்தேன். பிறகு கரண்டி கரண்டியாக ஜீவனி. வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது துத்தநாகக் குளிசை கொடுத்து, வயிற்றோட்டம் நின்றாலும் சொன்ன நாள்வரை நிறுத்தக்கூடாது என்றேன். இருவரும் கவனமாகக் கேட்டார்கள்.

தாதிகளாகப் புதிதாக வார்ட்டுக்கு வரும் தங்கைமாருக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் பயத்தில் மறைப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் எதைப் போடுவார்கள் என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.