எடைமேடையில் நின்ற லோரி

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் லோரி எடைமேடைக்கு, எடையைத் திரையில் காட்டும் இணையப் பக்கம் எழுதினேன். எடையைப் படிக்கும் ஃபங்ஷன்கள் எடைக்கருவியோடு வந்த சி மொழி லைப்ரரியில் இருந்தன. பக்கத்தை எழுதிய பிஎச்பி மொழியிலிருந்து அவற்றை நேரடியாக அழைத்தேன். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் சோதித்தபோது பூஜ்யம் வந்தது. கருவி இல்லாததால்தான் என்று நினைத்துவிட்டேன்.

தொழிற்சாலையில், சரக்கோடு லோரி மேடையேறிய பிறகும் திரையில் பூஜ்யம்தான்.

“என்ன தம்பி, லோரி பறக்குதா? வெளிய வண்டியெல்லாம் நிக்குது லா,” என்றார் மேற்பார்வையாளரான அக்கா.

“இதோ பாக்குறேன்க்கா.”

நிரலைப் படித்தேன். லைப்ரரி எடையைத் தசம எண்ணாகத் தருகிறது; நான் பிஎச்பியிடம் முழு எண் வரும் என்று அறிவித்திருந்தேன். அதனால்தான் பூஜ்யம். பிஎச்பி என்னை நம்பி, எச்சரிக்காமலே இருந்துவிட்டது. திருத்தியதும் கருவியின் முகப்பில் இருந்த அதே எடை திரையிலும் வந்தது.

“ஓகே லா, அடுத்த வண்டி!” என்றார் அக்கா.

எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மாலைவரை ஒவ்வொரு லோரிக்கும் கருவியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.