நாற்பத்தோராம் வீடு

பேனாவின் மூடியைக் கழற்றாமலே ஜெஸீமா அரை மணி நேரம் கதைப்பாள். படிவம் மடியில் குப்புறக் கிடக்கும். கோழி முட்டையிடுகிறதா, கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்க்கிறதா, மூத்தவன் ஒழுங்காக ஓதப் போகிறானா என்று சுற்றி வளைத்து வந்து, வீட்டுக்காரி தன்னை மறந்து சிரிக்கிற நேரம் பார்த்துத்தான் படிவத்தை நிமிர்த்துவாள். சுனாமி வந்து நாலரை வருடத்தில் இந்தக் கரைக்குப் படிவத்தோடு வந்து போனவர்களுக்கு அளவில்லை. தாளைக் கண்டதுமே பெண்களுக்குக் குரல் இறங்கிவிடும். "எல்லாம் கடலோட போச்சு மகள்" என்பார்கள். அடுப்படியில் புதுக் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும்.

"கேக்கிறது மட்டுந்தான். தர எங்கிட்ட ஒண்டுமில்ல" என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்ன பிறகும் இரண்டு பேர் அடையாள அட்டைப் பிரதியை அவள் கையில் திணித்திருக்கிறார்கள்.

சாய்ந்தமருதுக்காரி. இருபத்து நான்கு வயது. ஒலுவில் கெம்பஸில் பொருளியல் இறுதியாண்டு. சுனாமிக்கு முன் வீடு யார் பெயரில் இருந்தது, இப்போது கட்டிக் கொடுக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அறுபது வீடு. அவற்றைத் தெரிவுசெய்ய விரிவுரையாளர் எழுமாற்று எண் அட்டவணையைக் காட்டிக் கொடுத்தார். இவளுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. எல்லா வீட்டு இலக்கங்களையும் துண்டுகளாக எழுதிச் சுளகில் போட்டுக் குலுக்கி, உம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னாள். நாற்பத்தோராவது துண்டைப் பிரித்தபோது கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா நதீராவின் வீட்டு இலக்கம் இருந்தது. வேறு யாராவது என்றால் மடித்துத் திரும்பச் சுளகில் போட்டிருப்பார்கள். ஜெஸீமா எழுதிக்கொண்டாள்.

மாதிரியில் வந்த வீட்டில் அவள் தேநீர் குடிப்பதில்லை. "குடிச்சா அவங்க பக்கம் சாஞ்சிருவன், சாம்பிள் கெட்டுப்போகும்" என்பது அவளுடைய கட்சி. தண்ணீர்ப் போத்தலோடுதான் போவாள். மாளிகைக்காட்டில் ஒரு தாய், கடல் கொண்டுபோன மகளின் பெயரும் ஜெஸீமாதான் என்று சொல்லிக் கோப்பையை நீட்டியபோது மறுக்க முடியாமல் வாங்கிக் குடித்துவிட்டாள். வெளியே வந்து, மதிலோடு நின்று அந்தப் படிவத்தின் குறுக்கே கோடு போட்டாள். பிறகு சுளகிலிருந்து இன்னொரு துண்டு எடுக்க வேண்டி வந்தது. சொந்த ராத்தா வீட்டுக்கும் இதே சட்டம்தான். துண்டு விழுந்த நாளிலிருந்து விடுதியிலேயே தங்கிக்கொண்டு மூன்று மாதமாக அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று கேட்கலாம். விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த நானும் கேட்டேன். சிரித்தாள்.

வீடுகளுக்கு வழி தெரிய ஒரு வரைபடம் கீறி வைத்திருந்தாள். காரைதீவுச் சந்திக்கு அப்பால் பஸ்ஸை மறித்து இறக்கியபோது, இராணுவக்காரர் அதை விரித்துப் பார்த்தார். கையால் கீறிய ஒழுங்கைகள், சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். மாசி மாதம், வன்னியில் சண்டை கடுமையாக இருந்த நேரம். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். விரிவுரையாளர் தொலைபேசியில் கதைத்த பிறகுதான் விட்டார்கள். வரைபடம் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அறுபது வீட்டுக்கும் வழி அவள் தலைக்குள்தான்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். முஸ்லிம் ஊர்களிலும் அப்படித்தான், பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் அப்படித்தான். சுனாமிக்கு முன் வீடு யாருடையது என்ற பத்தாம் கேள்விக்குப் பெண்கள் சிரித்துவிடுவார்கள். "என்ட ஊடுதான். வேற ஆர்ர?" காரைதீவில் கேதீஸ்வரி என்ற பெண், "இதக் கேக்கவா தங்கச்சி கெம்பஸில படிக்கிறீங்க?" என்றாளாம். பதினோராம் கேள்வி, இப்போதைய வீடு யார் பெயரில் என்பது. சிரிப்பு அங்கே நின்றுபோகும். போய்க் கேட்டு முடித்த ஐம்பத்தொன்பது வீட்டில் ஐம்பத்தாறு முன்பு பெண்ணுடையவை. இப்போது ஐந்து. யாரும் பறிக்கவில்லை. விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு வரி இருந்தது. அதில் எழுதிய பெயருக்கே வீடு போயிற்று.

அந்த வரியை ஜெஸீமாவுக்கு நன்றாகத் தெரியும். வாப்பா சீனிமுகம்மது மேசன். நதீராவின் வீட்டை ஒன்பது வருடமாகத் தன் கையாலேயே கட்டினார். அந்த வீட்டு வாசலில் வைத்துத்தான் அலை அவரைக் கொண்டுபோனது. அடுத்த கிழமை பாடசாலை முகாமுக்குப் படிவத்தோடு வந்தவர் உம்மாவிடம், "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார். "மௌத்தாகிட்டார்" என்றாள் உம்மா. எழுத வந்தவர் சற்று யோசித்துவிட்டு, உம்மாவையும் ஜெஸீமாவையும் நதீராவின் புருஷன் இப்றாஹிமின் பெயருக்குக் கீழே சேர்த்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெஸீமாவுக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பொருளியல் எடுத்ததே அந்தக் கோபத்தில்தான்.

மே மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, அறுபது வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே வீடான ராத்தா வீட்டுக்குப் போனாள். அன்று காலையில்தான் யுத்தம் முடிந்ததென்று வானொலி சொன்னது. டவுன் பக்கம் பட்டாசு வெடித்தது. கடைகள் பாதிக் கதவோடு நின்றன. சிரிப்பதா அடங்கி இருப்பதா என்று தெரியாமல் சனம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. விடுதித் தோழிகள் போகாதே என்று தடுத்தார்கள். ஆனால் வியாழக்கிழமையோடு ஆட்சேபனைக்கு நாள் முடிகிறது. வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் ராத்தா குடும்பத்துக்குக் கிடைத்த வீட்டின் உறுதிப் பத்திரம் இப்றாஹிமின் பெயரில் எழுதப்படப் போகிறது. கடல் கொண்டுபோன வீட்டின் பழைய உறுதியின் பிரதியோடு நதீரா ஒரு கடிதத்தில் ஒப்பம் வைத்தால் நிறுத்தலாம். அவள் பெயருக்கு மாற்றலாம். அதை விட்டால் வழியில்லை.

இப்றாஹிம் கெட்டவன் அல்ல. அதுதான் ஜெஸீமாவுக்குச் சங்கடம். அவனுக்கு உம்மு என்று ஒரு தங்கை. அவர்களுடைய வீடும் கடலோடு போனது. கடலுக்குக் கிட்ட என்று அந்தக் காணியில் அரசாங்கம் கட்ட விடவில்லை. வீடில்லாமல் உம்முவின் கலியாணம் இரண்டு தரம் குழம்பிப்போயிற்று. கத்தாரிலிருந்து திரும்பிய இப்றாஹிம், உறுதி கைக்கு வந்ததும் இந்த வீட்டை உம்முவுக்குச் சீதனமாக எழுதுவதென்று முடிவு செய்திருந்தான். நதீராவும் பிள்ளைகளும் உம்மாவும் கொஞ்சக் காலம் வாடகைக்கு இருக்கட்டும், பிறகு கட்டலாம். தொலைபேசியில் இதைச் சொல்லி உம்மா அழுதாள்.

கடிதமும் பிரதியும் பையின் அடியில் இருந்தன. மேலே நாற்பத்தோராம் படிவம் இருந்தது. ஆய்வாளர் பதிலைத் தூண்டக்கூடாது என்ற விதியைப் பஸ்ஸில் வழி நெடுகத் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நதீரா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஜெஸீமா தொடவில்லை. பத்தாம் கேள்வியைக் கேட்டாள்.

"வாப்பா எனக்குத் தந்த ஊடு" என்றாள் நதீரா, மெதுவாக.

பதினொன்றைக் கேட்க முன்பே கதவடியில் இருந்த இப்றாஹிம் வாய் திறந்தான். "என்ட பேர்ல. எழுது."

"ராத்தாக்கிட்டத்தான் கேக்கிறன் மச்சான்."

"ஏன்? ஒன்ட போம்ல முதல் வரியப் படி."

ஜெஸீமா குனிந்து படிவத்தைப் பார்த்தாள். குடும்பத் தலைவரின் பெயர். விரிவுரையாளர் தந்த மாதிரி வினாக்கொத்திலிருந்து அவளே பார்த்து எழுதியது. அறுபது பிரதி எடுத்தது. ஐம்பத்தொன்பது வீட்டில் அந்த வரியைத் தானே கேட்டு, ஆம்பிளையின் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். முகாமுக்கு வந்த ஆளைத் திட்டிக்கொண்டே அவனுடைய வேலையைச் செய்திருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது.

"ஒனக்கு வாப்பா ஊடு கட்டல்ல. அதான் இதில கண் வைக்கிறாய்" என்றான் இப்றாஹிம்.

"அப்பிடிச் செல்லாதீங்க" என்றாள் நதீரா. டவுன் பக்கம் திரும்பவும் பட்டாசு வெடித்தது. உள்ளே உம்மா குர்ஆனை மூடும் சத்தம் கேட்டது.

ஜெஸீமா பேனாவின் மூடியைக் கழற்றினாள். நாற்பத்தோராம் படிவத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாள்.

"என்ன வெட்டுறாய்?"

"இந்த ஊட்ட சாம்பிள்ல இருந்து எடுத்திட்டன் மச்சான்."

பையின் அடியிலிருந்து கடிதத்தையும் பழைய உறுதியின் பிரதியையும் எடுத்து ராத்தாவின் முன் வைத்தாள். பிரதியில் வாப்பாவின் ஒப்பம் இருந்தது. நதீரா அதன் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப உம்முவுக்கு என்னகா செய்யிற? அவளும் கலியாணம் முடியாத கொமருதானே."

கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருப்பவள் ஜெஸீமா. "தெரியா ராத்தா" என்றாள். "சத்தியமாத் தெரியா. ஆனா இது ஒங்கட ஊடு."

இப்றாஹிம் எழுந்து வெளியே போய், வேலியடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நதீரா முந்தானையில் கையைத் துடைத்தாள். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி நிதானமாக, கடிதத்தின் அடியில் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

ஜெஸீமா கோப்பையை எடுத்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, அடிமண்டிச் சீனி வரைக்கும் குடித்தாள்.